மே கம்பத்தில் நேர்ந்தது சிக்கல் அல்ல

பழைய சிக்னல் குடில்,
லோயர் டிட்பரி.
மே 12, செவ்வாய்க்கிழமை.

‘டிட்பரி மணியோசை’ வார இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் திருமதி மார்ஜொரி ஃபென் அவர்களின் சமூகத்துக்கு, இவ்வூர் மே மாத விழாவில் சுற்றி ஆடும் மே கம்பத்தின் ரிப்பன் பொறுப்பாளரும் ஓய்வு பெற்ற ரயில்வே சிக்னல்காரருமான லயனல் ட்ரான்டர் பணிவோடு எழுதிக்கொள்வது.

இந்த ஈரத்தில் தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறதோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தங்கள் பூனை வீடு திரும்பிய செய்தி கேட்டு மகிழ்ந்தேன். மழை வேண்டிய மட்டும் பெய்துவிட்டு அதற்கு மேலும் பெய்கிறது, குறை சொல்வதற்கில்லை. மரியாதைக்குச் சொல்ல வேண்டியவை இத்துடன் தீர்ந்தன. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இதழின் மூன்றாம் பக்கத்தில், காணாமற்போன ஒற்றைக் கையுறை பற்றிய அறிவிப்புக்குக் கீழே, ‘மே கம்பத்தில் பெருஞ்சிக்கல், ஆட்டக்காரர் ஒருவர் தடுமாற்றம்’ என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. இதில் இரண்டு பிழைகள். முதலாவது, அது சிக்கல் அல்ல. இரண்டாவது, ‘ஆட்டக்காரர் ஒருவர்’ என்று பெயரில்லாமல் போட்டதால் ஊரே அது நான்தான் என்று முடிவு கட்டிவிட்டது. நேற்று கறிக்கடையில் வரிசையில் நிற்கிறேன், கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன மிஸ்டர் ட்ரான்டர், வலது கால் எது, இடது கால் எதுன்னு தெரிஞ்சிடுச்சா?” என்று கேட்கிறார். வரிசையில் இருந்த ஏழு பேரும் கூரையைப் பார்த்தார்கள். நம் ஊரில் கூரையைப் பார்த்தால் சிரிக்கிறார்கள் என்று அர்த்தம், தங்களுக்குத் தெரியாததல்ல.

சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் வரும் இருபத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை விழாக் குழு கூடுகிறது. என்னிடமிருந்து ஆட்டத்தை நடத்தும் விசிலைத் திரும்ப வாங்கிக்கொள்வது, அடுத்த வருடம் கம்பத்துக்குப் பதிலாகப் பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் காற்றடைத்த கோட்டை ஒன்றை வரவழைப்பது என்று இரண்டு தீர்மானங்கள் வரப்போகின்றன. இருபத்திரண்டு வருடம் அந்த ரிப்பன்களை என் கையால் துவைத்து, இஸ்திரி போட்டு, நிறம் பிரித்துச் சுருட்டி வைத்தவன் நான். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் சிக்னல் கேபினில் உட்கார்ந்திருந்தேன். என் பகுதியில் ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் சந்தித்ததே கிடையாது. அப்படிப்பட்டவன் ஒரு புல்வெளியில் பன்னிரண்டு பேரை ஒழுங்காகச் சுற்ற வைக்கத் தெரியாதவன் என்று பெயரெடுத்துவிட்டுச் சாக விரும்பவில்லை. ஆகவே வரும் ஞாயிறு இதழில் திருத்தம் வந்தாக வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்த வருடம் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கும் ஒட்டுமொத்தமாகச் சின்னம்மை கண்டுவிட்டதால் பெரியவர்களே ஆடுவது என்று முடிவாயிற்று. பெயர் கொடுத்தவர்கள் பதினொரு பேர். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், முடி திருத்தும் தெல்மாவைத் தவிர. தெல்மாவும் தாண்டிவிட்டார், ஆனால் சொல்லக் கூடாது. பன்னிரண்டாவது ரிப்பன் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் விசிலோடு ஓரமாக நின்றேன். அப்போது திருமதி ஹெஸ்டர் கில்பி என்னைப் பார்த்து, “நீங்களே வாங்களேன் மிஸ்டர் ட்ரான்டர். ஒரு ரிப்பன் மட்டும் ஆளில்லாம தொங்கினா நல்லாவா இருக்கு?” என்றார். நல்லாவா இருக்கு என்று ஒருவர் கேட்டபின் நன்றாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரிப்பனைப் பிடித்தேன்.

திருமதி கில்பி பதினொரு வருடமாக என் பக்கத்து வீட்டுக்காரர் என்பது தாங்கள் அறிந்ததே. எங்கள் தோட்டங்களுக்கு நடுவில் இடுப்பளவு வேலி. தினமும் காலையில் அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் நின்று மழை வருமா வராதா என்று பேசிக்கொள்வோம். கடந்த மார்ச்சில் அவர் தோட்டத்தில் ‘வீடு விற்பனைக்கு’ என்று ஒரு பலகை நட்டார்கள். லீட்ஸில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறாராம். அது அவர் சொந்த விஷயம். பலகை மூன்று டிகிரி சாய்ந்து நிற்பதும், காலை பத்து மணிக்கு அதன் நிழல் என் அவரைப் பாத்தியில் விழுவதும்தான் எனக்கு இடைஞ்சல். இந்த வருடம் அவரைக்கு இன்னும் கொம்புகூட நடவில்லை. ஏனோ கை ஓடவில்லை. மழைதான் காரணம்.

ஆட்டத்துக்கு வருகிறேன். கம்பத்தின் உச்சியிலிருந்து தொங்கும் ரிப்பன்களை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு ஆறு பேர் கடிகாரச் சுற்றில் போவார்கள், ஆறு பேர் எதிர்ச்சுற்றில் வருவார்கள். முதலில் எதிர்ப்படுகிறவருக்கு நீங்கள் ரிப்பனை உயர்த்துவீர்கள், அவர் குனிந்து போவார். அடுத்து எதிர்ப்படுகிறவர் உயர்த்துவார், நீங்கள் குனிந்து போவீர்கள். மேலே, கீழே, மேலே, கீழே. இவ்வளவுதான். இப்படியே போனால் கம்பத்தில் அழகான பின்னல் விழும். அப்படியே திரும்பி வந்த வழியில் ஆடினால் பின்னல் அவிழும். ஏழு வயதுப் பிள்ளைகள் வருடா வருடம் செய்கிறார்கள். பாதிரியார் அக்கார்டியன் வாசிக்க, மூன்று சுற்று பிசகில்லாமல் போயிற்று. நாலாவது சுற்றில் எனக்கு எதிரே திருமதி கில்பி வந்தார். அவர் ரிப்பனை உயர்த்த வேண்டும், நான் குனிய வேண்டும். இதில் துளியும் சந்தேகமில்லை, எந்த நீதிமன்றத்திலும் பைபிள்மேல் கை வைத்துச் சொல்வேன். நான் குனிந்தேன். அவரும் குனிந்தார்.

“மன்னிக்கணும், நீங்க போங்க” என்று நான் நிமிர்ந்து ரிப்பனை உயர்த்தினேன். “அய்யோ இல்ல, தப்பு என்மேலதான், நீங்க போங்க” என்று அவரும் நிமிர்ந்து உயர்த்தினார். ஒரு பெண்மணி வழிவிடும்போது முன்னால் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. மறுபடி நான் ஒதுங்கினேன், அவரும் அதே பக்கம் ஒதுங்கினார். இப்படி நாலு தடவை. இதற்குள் எனக்குப் பின்னால் வந்த ரெஜ் ட்ரூட், கப்பற்படையில் இருந்தவர், எங்களைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. பிற்பாடு கேட்டதற்கு, “முன்னாடி ஆள் நிக்கும்போது தாண்டிப் போறதா? நான் என்ன காட்டானா?” என்றார். அவர் நின்றதால் அவருக்கு எதிரே வந்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குனிந்தார், அவருக்குப் பின்னால் வந்தவர் இவருக்கு மன்னிப்புச் சொல்லித் திரும்பினார். அரை நிமிடத்தில் பன்னிரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டபடி, ஒருவருக்கொருவர் வழிவிட்டபடி சுழன்றுகொண்டிருந்தோம். பாதிரியார் கண்ணை மூடி வாசிக்கிற வழக்கமுள்ளவர். அவர் நிறுத்தாததால் எங்கள் கால்களும் நிற்கவில்லை. பாட்டு முடிந்து அவர் கண்ணைத் திறந்தபோது எல்லோரும் கம்பத்தோடு ஒட்டி நின்றோம். திருமதி கில்பியின் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. என் வலது கையும் அவர் இடது கையும்தான் வெளியே இருந்தன.

“என்ன இது?” என்று பாதிரியார் கேட்டார். இங்கேதான் திருமதி ஃபென் அவர்களே, தங்கள் தலைப்பு தவறு என்று நிரூபணமாகிறது. அங்கே கட்டுண்டு நின்ற ஒருவர்கூடச் சிக்கல் என்ற சொல்லை ஒப்புக்கொள்ளவில்லை. ட்ரூட்டுக்கு அது முடிச்சாகவும் தோன்றவில்லை. “முடிச்சுன்னா யோசிச்சுப் போடறது. போட்டவனுக்கு அவிழ்க்கத் தெரியும். கப்பல்ல இதுக்குப் பேரு ‘ஃபௌல்’. இந்த நிலைமையில கயித்தைத் தொட்டா கேப்டன் தோலை உரிச்சிடுவாரு” என்றார். அவர் தோளுக்கடியிலிருந்து ஆட்டுப்பண்ணை ஆல்ஃப் மம்ஃபர்ட், “செம்மறி முதுகுல கம்பளி இப்படிக் கட்டிப் போனா நாங்க ‘காட்டட்’னு சொல்லுவோம். கத்தரிச்சுத் தூரப் போடறதுதான், வேற வழியில்ல” என்றார். தெல்மா அது ‘மேட்டட்’ என்றும், நனைந்த தலையோடு தூங்கி எழுந்தால் இப்படித்தான் ஆகும் என்றும், கைப்பையில் கத்தரிக்கோல் இருக்கிறது என்றும் சொன்னார். மாட்டு வைத்தியர் டாக்டர் க்ரிஸ்ப் ஒரு லத்தீன் சொல்லைச் சொன்னார். குடல் முறுக்கிக்கொள்வதற்கான சொல்லாம்.

பாதிரியார் உடனே வீட்டுக்கு ஓடினார். கத்தி கொண்டுவரப் போகிறார் என்று நினைத்தோம். தடித்த அகராதியோடு திரும்பி வந்தார். சம்பவத்தை ஊராட்சிப் பதிவேட்டில் சரியான சொல்லால் எழுத வேண்டாமா என்று கேட்டார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. புல்வெளி நடுவில் நின்று, ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டு வாசிக்கிற அதே குரலில், பின்னிக்கிடப்பவற்றுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தார். “ட்வைன்” என்பார். அது கொடிக்கு என்று கம்பத்திலிருந்து பதில் போகும். “ப்ரெய்ட்” என்பார். அதற்கு ஒழுங்கு வேண்டும் என்போம். “ஸ்ப்ளைஸ்” என்றதும் ட்ரூட், “அது ரெண்டு கயித்தை ஒண்ணாக்கறது, ஐயா. அப்புறம் பிரிக்க முடியாது” என்றார். திருமதி கில்பி, “அது எப்படிச் செய்வாங்க?” என்று விசாரித்தார். இரு கயிற்றின் புரிகளையும் பிரித்து, ஒன்றின் புரிக்குள் ஒன்றைச் செருகி இறுக்க வேண்டும் என்று ட்ரூட் விளக்கினார். “அவ்ளோதானா?” என்றார் திருமதி கில்பி. பாதிரியார் நாற்பது சொற்களாவது வாசித்திருப்பார். நம்மிடம் இத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஒன்றுகூட எங்களை அவிழ்க்கவில்லை.

தெல்மா மறுபடியும் கத்தரிக்கோல் பேச்சை எடுத்தார். நான் வாய் திறப்பதற்குள் திருமதி கில்பி, “வெட்டக் கூடாது. இருபத்திரண்டு வருஷமா அவர் துவைச்சு மடிச்சு வெச்சது” என்றார். ஆட்டத்தில் தப்புச் செய்தவர் என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் நியாயமாகப் பேசினார் என்று நான் பதிவு செய்ய விரும்புகிறேன். வந்த வழியே திரும்பி ஆடலாம் என்றால் யார் எந்த வழியே வந்தோம் என்பதில் பன்னிரண்டு அபிப்பிராயங்கள். அப்போது டாக்டர் க்ரிஸ்ப், “பசு வயித்துல கன்னு முறுக்கிக்கிட்டா நாங்க கன்னை இழுக்கறதில்ல, பசுவை உருட்டுவோம். கம்பத்தைத் திருப்புங்க” என்றார். எல்லோரும் சேர்ந்து கம்பத்தைத் திருப்பினோம். கம்பம் திரும்பவில்லை. அடியில் இருந்த ஆப்பு கழன்று, குழியிலிருந்து கம்பமே கையோடு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மண்டபத்திலிருந்து தேநீர் மணி அடித்தது. மணி நாலு. நாங்கள் என்ன செய்வோம்? பன்னிரண்டு பேரும் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு தேநீருக்குப் புறப்பட்டோம். சாலையைக் கடக்கும்போது பேருந்து ஒன்று நின்று வழி விட்டது, நாங்கள் நின்று பேருந்துக்கு வழி விட்டோம், அதில் ஐந்து நிமிடம் போயிற்று. மண்டபத்தின் கதவுக்குள் கம்பம் நுழையவில்லை. வெளியே இரண்டு நாற்காலிகளின்மேல் கம்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்து தேநீர் குடித்தோம். எனக்கு ஒரு கை, திருமதி கில்பிக்கு ஒரு கை என்பதால் அவர் பன்னைப் பிடித்துக்கொண்டார், நான் ஜாம் தடவினேன். பிறகு நான் பிடித்துக்கொண்டேன், அவர் தடவினார். அவர் முதலில் க்ரீமும் அதன்மேல் ஜாமும் போடுகிறவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஜாமுக்கு மேல்தான் க்ரீம் வர வேண்டும். வேறு யாராக இருந்தாலும் சொல்லிக் காட்டியிருப்பேன்.

அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது மரியாதையல்ல என்பதால் நானே பேச்சுக் கொடுத்தேன். “ஜூன்ல கிளம்பறீங்களாமே?” என்றேன்.

“வாங்கறதுக்கு ஆள் வந்தாச்சு. நான்தான் இன்னும் கையெழுத்துப் போடல” என்றார்.

“வரப்போறவங்க எப்படி?”

“ரெண்டு நாய் வெச்சிருக்காங்க.”

“அப்படியா.”

“ஏன், என்கிட்ட ஏதாவது சொல்லணுமா மிஸ்டர் ட்ரான்டர்?”

“ஆமா. உங்க பலகை சாஞ்சிருக்கு.”

“இதைச் சொல்லத்தான் கேட்டீங்களா?”

“மூணு டிகிரி” என்றேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். நான் சொன்னதில் தவறொன்றும் இல்லையே? வேண்டுமானால் தாங்களே வந்து அளந்து பார்க்கலாம்.

ஆறு மணி சுமாருக்கு எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. ரிப்பன்கள் எல்லாம் கம்பத்தின் உச்சியில் ஒரு வளையத்தில் கோத்திருக்கின்றன. அந்த வளையத்தைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகாணி, கையாலேயே கழற்றலாம். அதைக் கழற்றினால் ரிப்பன்கள் மொத்தமும் தளர்ந்துவிடும். பாதிரியாரிடம் சொன்னேன், கழற்றினார், ஒரு நிமிடத்தில் எல்லோரும் விடுதலையானோம். அந்தத் திருகாணியைப் போட்டவனே நான்தான் என்றாலும் பதற்றத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது நினைவுக்கு வரவில்லை. இதையும் சிலர் தவறாகப் பேசுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். எழுபது வயதில் மனிதனுக்கு ஞாபக மறதி வரக் கூடாதா?

ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவாறு திருத்தம் வெளியிடக் கோருகிறேன். நடந்தது சிக்கல் அல்ல, பரஸ்பர மரியாதையால் விளைந்த அதிகப்படியான பின்னல். பிசகியது ரிப்பன் பொறுப்பாளர் அல்ல, திருமதி ஹெஸ்டர் கில்பி. அவருக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. இதை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதம் லீட்ஸுக்குப் போய்விடப் போகிறவருக்கு இந்த ஊரில் என்ன பெயர் இருந்தால் என்ன? நான் இங்கேயே இருக்க வேண்டியவன். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு நாய்களோடு மழையைப் பற்றிப் பேச முடியாது. எனக்கு மிஞ்சப்போவது அந்த விசில் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்று குழுவுக்குத் தெரியட்டும்.

தங்கள் முழங்காலும், பூனையும், இதழும் பல்லாண்டு வாழ்க என்று வேண்டிக்கொண்டு, வெயில் வந்தால் சந்திப்போம், வராவிட்டாலும் சந்திப்போம் என்ற நம்பிக்கையில்,

தங்கள் உண்மையுள்ள,
லயனல் ட்ரான்டர்.

பி.கு.: எனக்கு இடுப்புப் பிடிப்பு. திருமதி கில்பி தங்கள் வீட்டுப் பக்கம் வருவதாகச் சொன்னதால் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். உள்ளே இருப்பது அவருக்குத் தெரிய வேண்டாம்.

இன்னொரு பி.கு.: மார்ஜொரி, கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்தே நான் யாரென்று உனக்குத் தெரிந்திருக்கும். உறை ஒட்டியிருக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாமா என்று டீ ஆறும்வரை யோசித்தேன், அப்புறம் படித்துவிட்டேன். அவர் எழுதியிருப்பது சரிதான், ரிப்பனை உயர்த்த வேண்டியது நான். ஆனால் எனக்கு மேல் கீழ் தெரியாதாம். ஏழு வயதிலிருந்து அந்த ஆட்டம் ஆடுகிறேன், தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் பிசகமாட்டேன். பதினொரு வருடமாக வேலிக்கு அந்தப் பக்கமே நின்று மழை பேசுகிற மனிதரை வேறு எப்படித்தான் பக்கத்தில் இழுப்பது? நானும் குனிந்தால் நீங்க போங்க, நீங்க போங்க என்று ஒரு அடி நகரமாட்டார் என்று தெரிந்துதான் குனிந்தேன். மற்ற பத்துப் பேரும் இப்படி மாட்டிக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவில்லை, அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பலகை சாய்ந்திருக்கிறது என்று அவர் சொன்னதும் எனக்கு மனசே விட்டுப்போயிற்று. மறுநாளே விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு லீட்ஸில் மகளுக்கு அனுப்பலாம் என்றிருந்தேன். இப்போது இதைப் படித்தபின் போடுவதாயில்லை. முப்பத்தொரு வருடம் சிக்னல் கேபினில் ஒன்றையும் மறக்காதவர், ஒரே வாரத்தில் திருகாணியை மறந்தாராம், உறையை ஒட்ட மறந்தாராம். நீ நம்புவாயா? திருத்தம் ஒன்றும் போடாதே. விசில் அவரிடமே இருக்கும், வியாழக்கிழமை குழுவில் நான் பேசிக்கொள்கிறேன். கடைசிப் பக்கத்தில் வருகிற என் வீட்டு விளம்பரத்தை மட்டும் எடுத்துவிடு. பலகையைச் சற்று முன்புதான் பிடுங்கினேன். இடுப்புப் பிடிப்பு என்று எழுதியவர் ரொட்டி வாங்கப் போன சமயம் பார்த்து வேலியைத் தாண்டிப் போய், அதன் கம்பை அவருடைய அவரைப் பாத்தியில் கொம்பாக நட்டுவிட்டு வந்திருக்கிறேன். மூன்று டிகிரி சாய்த்துத்தான் நட்டிருக்கிறேன். அதைச் சொல்ல அவர் என் வீட்டுக் கதவைத் தட்டித்தானே ஆக வேண்டும்.

ஹெஸ்டர்.